எரஸ்மஸ்: புலமையும் அதன் எல்லையும்

மறுமலர்ச்சிக் கால ஐரோப்பிய அறிஞருள் எரஸ்மஸைப் போன்று எதிரெதிர் அணியினர் இருவராலும் பழிக்கப்பட்டோர் சிலரே. லூதரின் கலகத்துக்கு வித்திட்டவர் என உரோமத் திருச்சபையைச் சார்ந்தோர் அவரைக் குற்றஞ்சாட்டினர். உண்மையை அறிந்தும் அதன் பக்கம் நில்லாத கோழை என லூதர் அணியினர் இகழ்ந்தனர். அவரை மதிப்பிடுவோர் பலர் இரண்டாவது குற்றச்சாட்டையே பெரிதுபடுத்துவர். அவரது குறை அங்கில்லை, பிறிதோரிடத்தில் உள்ளது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

1460களின் பிற்பகுதியில், ஒல்லாந்தின் றொட்டர்டாம் நகரில், ஒரு குருவானவருக்கு மணவுறவுக்குப் புறம்பே பிறந்தவர் எரஸ்மஸ். இளமையிலேயே துறவு மடம் புகுந்து, 1492 இல் குருப்பட்டம் பெற்றார். எனினும் மடத்து வாழ்வு அவருக்கு ஒவ்வவில்லை. பாரிஸ், இங்கிலாந்து, இத்தாலி என நாடு நாடாகச் சென்று கற்றார். தோமஸ் மோரின் இல்லத்தில் தங்கியிருந்தபோது எழுதி, 1511 இல் வெளியிட்ட ‘மடமையின் புகழ்’ என்னும் அங்கத நூல், இறையியலாளர், துறவியர், அரசர், பாப்பரசர் எவரையும் விட்டுவைக்கவில்லை.

ஆயினும் அவரது துணிவை அங்கதத்தில் மட்டும் தேடுதல் போதாது. 1516 இல் பாசல் நகரில் புரோபனின் அச்சகத்திலிருந்து வெளிவந்த அவரது புதிய ஏற்பாட்டுப் பதிப்பையே முதன்மையாக நோக்குதல் வேண்டும். கிரேக்க மூலத்தையும், தாம் திருத்திய இலத்தீன் மொழிபெயர்ப்பையும், குறிப்புகளையும் அதில் ஒருங்கே தந்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வழங்கிய இலத்தீன் விவிலியமும் பிழைபடக்கூடும் என்பதே அதன் உட்பொருள். ‘தவஞ்செய்யுங்கள்’ எனத் திருச்சபை விளங்கிக்கொண்ட சொல்லுக்குக் கிரேக்கத்தில் ‘மனம் மாறுங்கள்’ என்பதே பொருள் எனக் காட்டியபோது, பாவமன்னிப்புச் சடங்கின் ஆதாரமொன்றே ஆட்டங்கண்டது.

அப்பதிப்பு குறையற்றதன்று. வெளிப்படுத்தல் நூலின் இறுதி வசனங்கள் தமக்குக் கிடைத்த கிரேக்கப் பிரதியில் இல்லாமையால், இலத்தீனிலிருந்து தாமே கிரேக்கத்தில் பெயர்த்துச் சேர்த்தார். யோவானின் முதலாம் திருமுகத்தில் திரித்துவத்தைக் கூறும் தொடரை முதலிரு பதிப்புகளில் விலக்கியவர், கண்டனம் வலுத்து, அதனைக் கொண்ட கிரேக்கப் பிரதியொன்றும் முன்வைக்கப்பட்டபின், 1522 இல் ஏற்றுக்கொண்டார். எனினும், மதிப்புக்குரிய நூலாயினும் மூலபாடச் சான்றுகொண்டே அதனை ஆராய்தல் வேண்டும் என்ற நெறியை அவர் நிலைநாட்டினார்.

இனி, அவரது நடுநிலையை நோக்குவோம். 1524 இல் மனிதச் சித்தத்தின் சுதந்திரம் பற்றி எழுதி லூதரிடமிருந்து விலகினார். மறுவருடம் லூதர் கடுமையாக மறுத்தெழுதினார். ஆனால் 1517 இலேயே ‘சமாதானத்தின் முறையீடு’ என்ற நூலில், கிறிஸ்தவர் கிறிஸ்தவரைக் கொல்லும் போர்களை எரஸ்மஸ் கண்டித்திருந்தார். பிளவு போரில் முடியும் என அவர் அஞ்சினார். அவர் மறைவின் பின் ஐரோப்பாவைச் சூழ்ந்த மதப்போர்கள் அவ்வச்சம் வீணன்று எனக் காட்டின. எனவே அவரது நடுநிலை கோழைமையன்று. தம் கொள்கையினின்றும் பிறந்தது. 1559 இல் உரோமாபுரி அவரது நூல்கள் அனைத்தையும் தடைசெய்தமை, அந்நடுநிலை அவருக்கு எவ்விலாபத்தையும் ஈட்டவில்லை என்பதற்குச் சான்று.

அங்ஙனமாயின் அவரது எல்லை யாது? உழவன் ஏரோட்டும்போதும் நெசவாளன் தறியிலிருக்கும்போதும் வேதவசனங்களைப் பாடுதல் வேண்டும் என 1516 ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் அவர் விரும்பினார். அவ்விருப்பத்தையும் இலத்தீனிலேயே எழுதினார். தம் நூல்களுள் ஒன்றையேனும் அவர் தாய்மொழியில் இயற்றவில்லை. இலத்தீன் நாடுகள் தோறுமுள்ள கற்றோரை அவருடன் இணைத்தது. அவர் பேசவிரும்பிய உழவனிடமிருந்து அவரைப் பிரித்தது.

அவர் விரும்பியதைச் செய்தவர்கள் பிறரே. அவரது கிரேக்கப் பதிப்பைக்கொண்டு லூதர் 1522 இல் ஜேர்மன் மொழியிலும், தின்டேல் 1526 இல் ஆங்கிலத்திலும் புதிய ஏற்பாட்டைத் தந்தனர். 1536 இல் எரஸ்மஸ் பாசலில் நோயுற்று இறந்தார். அதேயாண்டு தின்டேல் கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டார். மூலத்தைத் திருத்தியவருக்குக் கண்டனம். அதனை மக்கள் மொழியில் வழங்கியவருக்கு மரணம். அறிவு எவ்விடத்தில் அதிகாரத்துக்கு உண்மையிலேயே அச்சமூட்டுகிறது என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகின்றது.

எரஸ்மஸ் இன்றித் தின்டேல் இல்லை என்பதும் மறத்தற்குரியதன்று. ஆனால் உழவனை நினைப்பது வேறு, உழவனுடன் பேசுவது வேறு. பல்கலைக்கழகத்திற் பயிலும் நாம் எரஸ்மஸிடம் கற்கவேண்டியது அவரது நுண்மாண் நுழைபுலம் மட்டுமன்று; அவர் நின்றுவிட்ட இடமுமாகும்.