முடிக்கிற வேலை எங்கே நடக்கிறது?

லேப்டாப் வாங்குகிறவர்களில் பலர் அதை எங்கேயும் எடுத்துப் போவதில்லை. கூடத்தின் ஓரத்திலோ படுக்கையறை மூலையிலோ ஒரு மேசை, பக்கத்துச் சுவரில் சார்ஜர், எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. “எங்க வேணாலும் எடுத்துட்டுப் போகலாம்” என்று நம்பிக் கூடுதல் விலைக்கு வாங்கிய பொருள், ஆண்டு முழுக்க ஒரே பிளக் பாயின்ட்டில் மாட்டியபடி இருக்கிறது. பயன்படுத்தாத வசதிக்குப் பணம் கொடுத்ததோடு, சின்னத் திரையையும் சீக்கிரம் தேய்கிற பேட்டரியையும் சேர்த்து ஏற்றுக்கொண்டிருக்கிறோம். இதைப் பார்த்தவர்கள்தான் இன்னொரு ஏற்பாட்டைச் சொல்கிறார்கள்: மேசைக்கு ஒரு டெஸ்க்டாப், கைக்கு ஒரு டேப்லெட். நல்ல யோசனைதான். ஆனால் யாருக்கு நல்லது என்பதைச் சொல்லாமலே அது பரப்பப்படுகிறது.

எழுத்து, பிழைதிருத்தம், பக்க வடிவமைப்பு, கணக்கு, ஆசிரியப் பணி என்று நாளில் பெரும்பகுதி கணினி முன் உட்கார்கிறவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். கேம் ஆடுவதற்காக வாங்குகிறவர்களின் கணக்கு வேறு.

முதலில் பணம். “ரெண்டு பொருள் வாங்கினாலும் லேப்டாப்பை விட மலிவு” என்பதுதான் இந்த ஜோடிக்காக அடிக்கடி சொல்லப்படும் வாதம். ஒரே நிறுவனத்தின் ஒரே சிப்பை வைத்து இதைச் சோதிக்கலாம். இந்தியாவில் 2025ஆம் ஆண்டு விலைப்படி, எம்4 சிப் உள்ள மேக் மினி 59,900 ரூபாயில் தொடங்கியது. அடிப்படை ஐபேட் 34,900 ரூபாய். இரண்டும் சேர்ந்து 94,800. அதே எம்4 சிப் உள்ள மேக்புக் ஏர் 99,900 ரூபாய். வித்தியாசம் 5,100 ரூபாய்தான். அந்தப் பணத்துக்குள் மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யுபிஎஸ் நான்கையும் வாங்க முடியாது. வீட்டில் ஏற்கெனவே நல்ல மானிட்டர் இருந்தாலொழிய, மலிவு என்ற வாதம் இங்கே நிற்காது.

விண்டோஸ் பக்கம் கதை கொஞ்சம் மாறும். சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து வாங்கும் சிஸ்டத்தில் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் போனால் அதை மட்டும் மாற்றலாம். ரேம் போதவில்லை என்றால் காலியாக இருக்கும் ஸ்லாட்டில் இன்னொன்றைச் செருகலாம். ஒரு மானிட்டர் இரண்டு சிபியுக்களின் ஆயுளைத் தாண்டியும் உழைக்கும். டெஸ்க்டாப்பின் உண்மையான சிக்கனம் வாங்கும் நாளில் தெரியாது, நான்காவது, ஐந்தாவது ஆண்டில்தான் தெரியும். ஆனால் ‘டெஸ்க்டாப்’ என்ற பெயரில் இன்று விற்கும் எல்லாவற்றுக்கும் இந்தக் குணம் இல்லை. மேக் மினியில் ரேம் சிப்போடு சேர்ந்தே வருகிறது. வாங்கும்போது எவ்வளவோ, கடைசிவரை அவ்வளவுதான். பழுதுபார்க்கும் வசதிக்காக டெஸ்க்டாப் வாங்குகிறவர் டவர் வகையைத்தான் வாங்க வேண்டும்.

வேகத்தைப் பொறுத்தவரை விற்பனைப் பெயர்கள் நம்மைக் குழப்புகின்றன. லேப்டாப்பிலும் ‘12ஆம் தலைமுறை ஐ5’, டெஸ்க்டாப்பிலும் அதே ‘12ஆம் தலைமுறை ஐ5’. ஆனால் லேப்டாப்பில் பரவலாக வந்த ஐ5-1235யு, 15 வாட் அடிப்படை மின்சாரத்தில் ஓடும்படி அமைந்தது. அதில் முழுத் திறன் கொண்ட கோர்கள் இரண்டு, மற்ற எட்டும் சிக்கனக் கோர்கள். டெஸ்க்டாப்பின் ஐ5-12400இல் அடிப்படை 65 வாட், கோர்கள் ஆறும் முழுத் திறன் கொண்டவை. கட்டுரை தட்டச்சு செய்யும்போது இந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஸ்கேன் செய்த முந்நூறு பக்கப் பழைய நூலை ஓசிஆர் வழியாக எழுத்தாக மாற்றும்போதும், ஒரு மணி நேர வகுப்பு வீடியோவை வெட்டித் தொகுக்கும்போதும் தெரியும். மெல்லிய லேப்டாப் முதல் சில நிமிடங்கள் வேகமாக ஓடும். பிறகு சூடேறித் தன்னைத் தானே தணித்துக்கொள்ளும். மே மாதத்து மதுரையிலோ வேலூரிலோ, ஏசி இல்லாத அறையில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

உடம்பைப் பற்றி யாரும் கடையில் பேசுவதில்லை. எனக்கு இதுதான் முதல் கவலை. லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒரே கீலில் பிணைந்தவை. கைக்கு வசதியான உயரத்தில் வைத்தால் கழுத்து குனியும். கண்ணுக்கு நேராக உயர்த்தினால் தோள் தூக்கிக்கொள்ளும். ஒரு மணி நேரத்துக்குப் பரவாயில்லை. தினமும் எட்டு மணி நேரம் இப்படி உட்காரும் தட்டச்சாளர்களும் மெய்ப்புத் திருத்துநர்களும் கழுத்து வலியைத் தொழிலோடு வந்த தலைவிதியாக எடுத்துக்கொள்வதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. 24 அங்குல மானிட்டரைக் கண் மட்டத்தில் வைத்து, கீபோர்டைத் தனியே முன்னால் இழுத்துக்கொண்டாலே பாதிச் சிக்கல் தீரும். டெஸ்க்டாப்பின் ஆகப் பெரிய பலம் என்று நான் கருதுவது அதன் பிராசசரை அல்ல, அதோடு வேறு வழியில்லாமல் வாங்க வேண்டியிருக்கும் அந்த மானிட்டரைத்தான்.

இனி டேப்லெட். இந்த ஜோடியின் பலம், பலவீனம் இரண்டுமே அதில்தான் இருக்கின்றன.

பலத்தை ஒரு மெய்ப்பு பார்க்கும்போது கண்கூடாகக் காணலாம். அச்சகத்திலிருந்து பிடிஎஃப் வருகிறது. லேப்டாப்பின் அகலத் திரையில் புத்தகப் பக்கத்தின் மேல்பாதி தெரியும், கீழ்ப்பாதிக்கு உருட்ட வேண்டும். டேப்லெட்டை நெடுக்காகப் பிடித்தால் பக்கம் முழுதாக, ஏறத்தாழப் புத்தக அளவிலேயே கையில் இருக்கும். ஒற்றுப்பிழையை எந்தத் திரையிலும் கண்டுபிடித்துவிடலாம். பக்கத்தின் பிழைகளுக்கு முழுப் பக்கத்தையும் ஒரே பார்வையில் பார்த்தாக வேண்டும். சொல் உடைந்து, புள்ளி வைத்த எழுத்து அடுத்த வரியின் தொடக்கத்தில் வந்து நிற்பது, பத்தியின் கடைசிச் சொல் மட்டும் அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடுவது, ஒரு வரியில் மட்டும் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழுவது எல்லாம் அப்படித்தான் கண்ணில் படும். பேனாவால் அங்கேயே வட்டமிட்டு ஓரத்தில் குறிக்கலாம். அரை கிலோவுக்கும் குறைவான பொருள், சாய்ந்து உட்கார்ந்தும் படிக்கலாம். அச்செடுத்த தாளுக்கு இவ்வளவு நெருங்கி வந்த கருவி வேறு இல்லை. விடைத்தாள் பார்க்கும் ஆசிரியருக்கும், தீர்ப்புகளைப் படிக்கும் வழக்கறிஞருக்கும் இதே பயன் உண்டு.

ஆனால் குறித்த திருத்தங்களைக் கோப்பில் ஏற்ற வேண்டுமே. அங்கேதான் டேப்லெட் நின்றுவிடுகிறது. தமிழ் அச்சகங்களில் பல இன்னமும் பேஜ்மேக்கரில்தான் பக்கம் கட்டுகின்றன. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். அந்தக் கோப்பை ஐபேடோ ஆண்ட்ராய்டு டேப்லெட்டோ திறக்காது. பிடிஎஃப்பாக வந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு. எழுத்துரு கோப்புக்குள்ளேயே பொதிந்திருப்பதால் கண்ணுக்குத் தமிழ் சரியாகத் தெரியும். ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டும். தேடல் பெட்டியில் ஒரு சொல்லைத் தமிழில் கொடுத்தால் ஒன்றும் கிடைக்காது. இதைச் சரிசெய்யும் எழுத்துரு மாற்றிகளை வைத்து நிதானமாக வேலை பார்க்கக் கணினிதான் வேண்டும்.

வேர்டு கோப்பு மட்டும்தான் என்கிறீர்களா? மைக்ரோசாஃப்டின் வேர்டு செயலி, 10.1 அங்குலத்துக்கு மேற்பட்ட திரையில் சந்தா கட்டாமல் திருத்த விடாது, படிக்க மட்டுமே அனுமதிக்கும். இன்று நல்ல டேப்லெட் என்று கடையில் காட்டுபவை பெரும்பாலும் 11 அங்குலம். தமிழ்99 தட்டச்சு ஐபேடின் திரையிலேயே 2013 முதல் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் வெளிக் கீபோர்டை இணைத்துத் தமிழ்99இல் அடிக்க முடியுமா என்பது நீங்கள் நிறுவும் செயலியைப் பொறுத்தது. கடையிலேயே நான்கு வரி தட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. தணிக்கையாளர் அலுவலகங்களில் கையெழுத்துக்கு மின்கையொப்ப யுஎஸ்பி டோக்கன் வைத்திருப்பார்கள். அதற்குக் கணினி வேண்டும், கணக்கு மென்பொருளான டாலிக்கு விண்டோஸ் கணினியே தேவை.

ஆக, டேப்லெட்டில் வேலையைத் தொடங்கலாம், படிக்கலாம், குறிக்கலாம், பேசி முடிவெடுக்கலாம். முடித்து அனுப்புவது கடினம். வெளியே இருக்கும்போது முடித்து அனுப்ப வேண்டிய தொழில் உங்களுடையது என்றால் இந்த ஜோடி உங்களைக் கைவிடும். கூடவே இன்னொரு தொல்லையும் வரும். ஒரே கட்டுரைக்கு இரண்டு கருவிகளில் இரண்டு வடிவங்கள் உருவாகிவிடும். இணையம் இல்லாத பேருந்தில் திருத்தியது ஒன்று, வீட்டு டெஸ்க்டாப்பில் இருப்பது இன்னொன்று. எது கடைசி வடிவம் என்று தேடும் வேலை லேப்டாப் வைத்திருப்பவருக்கு இல்லை. கூகுள் டிரைவில் 15 ஜிபியும் ஐகிளவுடில் 5 ஜிபியும்தான் இலவசம். ஸ்கேன் கோப்புகள் சேரச் சேர மாதச் சந்தாவையும் இந்த ஏற்பாட்டின் செலவாகவே எழுதிக்கொள்ள வேண்டும்.

மின்தடையில் லேப்டாப் ஜெயிக்கும் என்பதில் விவாதமே இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் பிற்பகல் வரை வராது. சாதாரண யுபிஎஸ் தருவது, கோப்பைச் சேமித்து சிஸ்டத்தை அணைப்பதற்கான சில நிமிடங்களைத்தான். வீட்டில் இன்வர்ட்டர் இருந்தால் அதை யுபிஎஸ் மோடில் வைத்து டெஸ்க்டாப்பை ஓட்டலாம். இல்லாத வீட்டில் அந்த நாளைப் படிப்பதற்கும் மெய்ப்புக்கும் ஒதுக்கிக்கொள்ள டேப்லெட் உதவும். ஆனால் அன்று மாலை ஒப்படைக்க வேண்டிய வேலை இருந்தால் உதவாது.

இவ்வளவு குறைகளுக்குப் பிறகும் நான் இந்த ஜோடியின் பக்கம் சாய்வதற்குக் காரணம், வீட்டில் ஒருவர் மட்டும் இல்லை என்பது. 2020இல் பள்ளிகள் மூடியபோது, ஒரே ஒரு லேப்டாப் இருந்த வீடுகளில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அப்பாவின் அலுவலகக் கூட்டமும் பிள்ளையின் வகுப்பும் ஒரே நேரத்தில் வரும், இரண்டில் ஒன்று கைபேசிக்குப் போகும். அந்தச் சின்னத் திரைக்குப் போனது பெரும்பாலும் பிள்ளையின் வகுப்புதான். இரண்டு கருவிகள் உள்ள வீட்டில் இந்த மோதல் குறையும். ஒன்று சர்வீசுக்குப் போனாலும் இன்னொன்று இருக்கும். விலையையும் வேகத்தையும் ஒப்பிடும் பேச்சுகளில் இந்தப் பங்கீடு கணக்கிலேயே வருவதில்லை.

லேப்டாப்பை வைத்துக்கொண்டே மானிட்டரும் கீபோர்டும் தனியாக வாங்கிவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கழுத்துச் சிக்கலுக்கு இது பதில் சொல்லிவிடுகிறது. கோப்பும் ஒரே இடத்தில் இருக்கும். வாரத்தில் இரண்டு நாள் வெளியே போய் வேலை பார்க்கிறவருக்கு இதை விடச் சிறந்த ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. ஆனால் எப்போதும் முழு சார்ஜில், சூட்டில் கிடக்கும் பேட்டரி வீங்கி, டச்பேடு மேலெழும்பிய லேப்டாப்புகள் சர்வீஸ் கடைகளில் வரிசையாக இருக்கும். பல மாடல்களில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் அமைப்பு இருக்கிறது. இந்த வழியில் போகிறவர்கள் அதை முதல் நாளே இயக்கிவிட வேண்டும். தேர்ந்தெடுத்த பிறகும் ஒரே கருவிதான் என்பதால், வீட்டில் பங்கு போடும் சிக்கல் அப்படியேதான் இருக்கும்.

மாணவர்கள் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய இலவசத் திட்டம் லேப்டாப்பைக் கொடுத்தது. 2025-26 நிதிநிலை அறிக்கை, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி (லேப்டாப்) அல்லது கைக்கணினி (டேப்லெட்) என்று அறிவித்தது. படிப்பது மட்டும்தான் மாணவரின் வேலை என்றால் கைக்கணினி போதும். ஆனால் நிரல் எழுதி ஓட்டிப் பார்ப்பது, பொறியியல் வரைபடம், திட்ட அறிக்கை, வேலைக்கான இணையத் தேர்வு எல்லாமே முடித்துக் கொடுக்க வேண்டிய வேலைகள். அவை விடுதி அறையிலும், ஆய்வகத்திலும், ஊருக்குப் போகும் விடுமுறையிலும் நடப்பவை. வீட்டில் டெஸ்க்டாப் இல்லாத பிள்ளைக்கு டேப்லெட் மட்டும் கொடுப்பது பாதிக் கருவியைக் கொடுப்பது. தேர்வு உங்கள் கையில் இருந்தால் லேப்டாப் என்று சொல்லுங்கள்.

ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள், வீட்டில் இன்னும் இரண்டு பேருக்குக் கணினி தேவைப்படுகிறவர்கள், கழுத்து வலியோடு இதைப் படிக்கிறவர்கள் டெஸ்க்டாப் பக்கம் வரலாம். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். முதலில் நல்ல மானிட்டரும் முதுகைத் தாங்கும் நாற்காலியும், அடுத்து டவர், யுபிஎஸ். டேப்லெட் இல்லாமல் ஒரு பருவம் ஓட்டிப் பாருங்கள். கையில் வைத்துப் படிக்க வேண்டியது உண்மையிலேயே தினமும் வருகிறது என்று தெரிந்த பிறகு டேப்லெட் வாங்கினால் போதும்.