வாடிய ஆம்பலின் நிறம்

பறித்து ஒரு நாளான வெள்ளாம்பலைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? இதழ்கள் குவிந்து, வெண்மை போய், பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம் ஏறியிருக்கும். குறுந்தொகையின் 46ஆம் பாட்டில் மாமலாடனார் சிட்டுக்குருவியின் சிறகுக்கு உவமையாக எடுப்பது அந்தப் பூவைத்தான். உ.வே.சா.வின் 1937 பதிப்பில் உரையோடு முதன்முதலாகப் படித்தபோது எனக்கு நிறம் மட்டுமே பிடிபட்டது. வெகுநாள் கழித்து, திண்ணை ஓரம் வந்தமர்ந்த ஒரு குருவியைப் பார்த்தபோதுதான் வடிவமும் புரிந்தது. சோர்ந்த இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதுபோலவே அதன் சிறகும் மடங்கிப் படிந்திருந்தது.

அந்தக் குருவி என்னவெல்லாம் செய்கிறது! முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்கிறது. ஊர் மன்றத்துக்குப் போய், உலர்ந்த எருப்பொடியைக் குடைந்து குடைந்து ஆடுகிறது. சிறகில் ஒட்டிய பேனையும் பிசுக்கையும் போக்கக் குருவிகள் இப்படிப் புழுதியில் குளிப்பதை இன்றும் பார்க்கலாம். பிறகு வீட்டு இறவாரத்தில் குஞ்சுகளோடு அடைந்துவிடுகிறது. தலைவன் போன ஊரில் இப்படியொரு மாலையும் தனிமையும் இல்லையா என்று தோழியிடம் கேட்கிறாள் தலைவி. எத்தனை நாளாகக் காத்திருக்கிறாள் என்று பாட்டு சொல்லவில்லை. ஒரு குருவியை முற்றத்திலிருந்து கூடுவரை விடாமல் தொடர்ந்த கண்ணுக்கு வேறென்ன வேலை இருந்திருக்கும்? எனக்கு இந்தப் பாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

குறுந்தொகைப் பாட்டுகள் பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு அடிக்குள் முடிந்துவிடும். அந்தச் சின்ன இடத்தில் அழகுக்காக மட்டும் ஒரு பறவையைக் கொண்டுவந்து உட்கார்த்த முடியாது. 85ஆம் பாட்டில் ஆண்குருவி ஒன்று, முட்டையிடப்போகும் தன் பெடைக்காகக் கரும்புப் பூவைக் கோதி எடுக்கிறது. மணமில்லாத பூ, ஆனால் பஞ்சுபோல மெத்தென்றிருக்கும். பரத்தையிடம் போய்வந்த கணவனுக்குக் கதவு திறக்க மறுக்கும் வீட்டில் இந்தக் குருவி பறக்கிறது. அவனை இதைவிடக் கடுமையாக யாரும் ஏசியிருக்க முடியாது.

இருந்தாலும், ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கபிலரின் 25ஆம் பாட்டைத்தான் எடுப்பேன். தலைவன் தலைவியைக் களவில் கூடிய அன்று அங்கே யாருமில்லை. தினைத்தாள் போன்ற மெல்லிய பசுங்கால்களோடு ஒரு குருகு மட்டும் நின்றது. எங்கள் ஊரில் வாய்க்கால் மடையில் தவமிருக்கும் கொக்குக்கு மடையான் என்று பெயர். அதை நினைத்துக்கொண்டே இந்தப் பாட்டைப் படிப்பேன். அவன் சொன்ன சொல் தவறினால் அவளுக்கு இருப்பது அந்த ஒரு சாட்சிதான். அதன் கண்ணோ ஓடும் நீரில் வரும் ஆரல்மீன்மேல் இருந்தது.

போன மார்கழியில் மடையில் ஒன்று நின்றது, கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு. கரையில் மூன்று பேர் உரக்கப் பேசிக்கொண்டு போனார்கள். அது திரும்பவில்லை.