எட்டயபுரம் அச்சடித்த சங்கீதம்

தூத்துக்குடி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு முத்து, உப்பு, மக்ரூன். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களுக்கு வ.உ.சி.யின் கப்பல். எனக்கோ ஒரு புத்தகம். சுப்பராம தீட்சிதர் எழுதிய 'சங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி'. 1904-ல், இன்றைக்கு எங்கள் மாவட்டத்தில் இருக்கிற எட்டயபுரத்தில், வித்யா விலாசினி அச்சகத்தில் தெலுங்கு எழுத்தில் அச்சான நூல். ஏறத்தாழ 1,700 பக்கம். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. வீட்டில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள்.

துறைமுகத்தில் ஷிப்பிங் ஏஜென்சி வேலை. மாலையில் வந்து வீணையைத் தொட்டால்தான் எனக்குப் பொழுது போனதாகக் கணக்கு. வீணைக்கு என்று நான் வைத்திருந்த நோட்டுகளில் எல்லாம் ஸ்வரம் இருக்கும், அடியில் சாகித்தியம் இருக்கும், அவ்வளவுதான். அதை அப்படியே வாசித்தால் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு வாசிப்பது போல இருக்கும். எல்லாப் பெயரும் வரும், ஒருத்தர் முகமும் தெரியாது.

இந்தப் புத்தகத்தில் அந்த முகம் தெரிகிறது ஐயா! ஒரு ராகத்தைத் திறந்தால் முதலில் அதன் இலக்கணம் சுலோகமாக வரும். பிறகு தீட்சிதர் உரைநடையில் பேசத் தொடங்குவார்: ஏறுவது எப்படி, இறங்குவது எப்படி, எந்தப் பிடியில் அந்த ராகத்தின் உயிர் இருக்கிறது. அவர் சொன்னது சரிதானா என்று பார்க்க வேறெங்கும் தேட வேண்டாம். கீழேயே கீதம், தானம், கீர்த்தனைகள், கடைசியில் அவரே அமைத்த சஞ்சாரி எல்லாம் ஸ்வரத்தோடு நிற்கின்றன. சொல்வதற்கு எழுத்து, பாடிக் காட்டுவதற்கு ஸ்வரம். இரண்டும் ஒரே தாளில். படித்துக்கொண்டே போகும்போது கை தானாக வீணைக்குப் போய்விடும்.

ஸ்வரங்களுக்கு மேலே இருக்கிற கமகக் குறிகளை, அதாவது ஸ்வரத்தை எப்படி அசைப்பது, இழுப்பது என்று காட்டும் குறிகளைப் பற்றித்தான் உண்மையில் சொல்ல வேண்டும். அலை அலையாக ஒரு கோடு இருந்தால் கம்பிதம். மேல்நோக்கிச் சாய்ந்த கோடு ஏற்ற ஜாரு, கீழ்நோக்கிச் சாய்ந்தால் இறக்க ஜாரு. நொக்கு, ரவை, ஸ்புரிதம், ஒதுக்கல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடையாளம். ஒதுக்கல் என்றால், விரலை இருக்கிற மெட்டிலேயே வைத்துத் தந்தியை இழுத்து மேல் ஸ்வரத்தைப் பிடிப்பது. குருவின் விரலைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் மட்டுமே கிடைக்கும் என்று நினைத்திருந்த சங்கதி, இங்கே சின்னக் குறியாக எழுத்தின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. (ஆர்மோனியக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்தக் குறிகளில் பாதி உங்கள் பெட்டிக்கு ஆகாது.)

ஓர் உதாரணம், கமகக்ரியா ராகத்தில் 'மீனாக்ஷி மே முதம்'. இன்று பலரும் பூர்விகல்யாணி என்று பாடுவது. 1835 தீபாவளி நாளில் எட்டயபுரத்தில், இதை இயற்றிய முத்துஸ்வாமி தீட்சிதர் கண்மூடியபோது சீடர்கள் பாடிக்கொண்டிருந்தது இந்தக் கீர்த்தனைதான் என்பது வழிவழியாக வரும் செய்தி. குறிகளை ஒன்றுவிடாமல் மதித்து, சவுக்க காலத்தில் பல்லவியை வாசித்துப் பார்த்தேன். எத்தனை கச்சேரியில் கேட்ட பாட்டு! ஆனாலும் இப்படி நின்று, அசைந்து, வழுக்கி இறங்கும் என்று எனக்குத் தெரியாது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. முத்துஸ்வாமி தீட்சிதரின் 229 கிருதிகள் இப்படிப் பதிவாகியிருக்கின்றன என்பதை நினைத்தால் தலை சுற்றுகிறது.

இந்தப் புத்தகத்துக்குத் தூண்டுகோலாக இருந்தவர் சென்னை அரசாங்கத்தில் அதிகாரியாக இருந்த கிறிஸ்தவர், ஏ.எம். சின்னசாமி முதலியார். நம் கீர்த்தனைகளை மேல்நாட்டு ஐந்து கோட்டு முறையில் அச்சேற்ற வேண்டும் என்ற வெறியோடு 1893-ல் ஒரு நூலே கொண்டுவந்தார். அவருக்குப் பார்வை மங்கியது. பாதியில் நின்ற வேலையைச் சுப்பராம தீட்சிதர் கையில் முடிக்கச் செய்யும்படி எட்டயபுரம் ராஜாவிடம் வேண்டிக்கொண்டார், ராஜாவும் கட்டளையிட்டார். 1839-ல் பிறந்த தீட்சிதருக்கு அப்போது அறுபது வயது. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதருக்கு மகள் வயிற்றுப் பேரன், தத்துப் பிள்ளையும் கூட. குடும்பத்துச் சொத்தைப் பூட்டி வைத்துக்கொள்ளும் காலத்தில் எல்லாவற்றையும் எடுத்துக் கொட்டினாரே, அந்த மனசு பெரிது. 1906-ல் அவர் காலமானபோது பாரதியார் இரங்கற்பா எழுதினார்.

அந்த அச்சுக்கோப்பவர்களை நினைத்துப் பாருங்கள். கரிசல் காட்டு ஊர். ஈய எழுத்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மேலே புள்ளி, அதற்கு மேல் கோடு, அதற்கும் மேல் கமகக் குறி, கீழே அந்த ஸ்வரத்துக்கு நேராகச் சாகித்தியம். நான் கம்ப்யூட்டரில் ஒரு வர்ணத்தை அப்படி அடிக்க முயன்றிருக்கிறேன். மேல்ஸ்தாயிப் புள்ளி பக்கத்து எழுத்துக்கு ஓடிவிடும். ஒரு எழுத்தை நீக்கினால் கீழ்வரி முழுக்க நகர்ந்துவிடும். ஐந்து கோட்டு இசையைக் கட்டுரைக்கு நடுவில் சேர்க்க லிலிபாண்ட் மாதிரி இலவச மென்பொருள் இருக்கிறது. நம் கமகக் குறிகளோடு தமிழில் அடிக்க அந்த அளவு சுலபமான ஒன்று என் கைக்கு இன்னும் வரவில்லை. எட்டயபுரத்தில் ஈயத்தில் செய்துவிட்டார்கள்!

குறை இல்லையா? இருக்கிறது. உரைநடை பழைய சாஸ்திரச் சொற்களால் கனத்தது. முதல் வாசிப்பில் பாதி ஓடிவிடும். நல்லவேளை, இதைத் தமிழ் எழுத்தில் சென்னை மியூசிக் அகாடமி 1961 முதல் 1983 வரை ஐந்து பாகங்களாக வெளியிட்டது. பி. ராஜம் ஐயரும் எஸ். ராமநாதனும் பதிப்பித்தது. அது இல்லாவிட்டால் தெலுங்கு தெரியாத என்னைப் போன்றவர்கள் வாசலிலேயே நின்றிருப்போம்.

வீணையோ வயலினோ வாய்ப்பாட்டோ, ஸ்வரம் வாசிக்கத் தெரிந்த எல்லோரும் இதை ஒரு தரம் கையில் எடுங்கள். கீர்த்தனைக்குத் தாவாமல் குறி விளக்கத்தை முதலில் படியுங்கள். குறுக்குச்சாலை தாண்டி மதுரை போகிற வழியில் எட்டயபுரத்தில் இறங்குகிறவர்கள், பாரதி பிறந்த வீட்டைப் பார்த்த கையோடு பஸ் ஏறிவிடாதீர்கள். முத்துஸ்வாமி தீட்சிதரின் சமாதியும் அதே ஊரில்தான் இருக்கிறது.