லௌரியின் பென்சில் ஓவியங்களில் அன்றாடப் பூசல்: மெய்ப்பாட்டு நோக்கு

முன்னுரை

தொழில்நகரப் பூசலைக் காட்டும் ஓவியம் என்றவுடன் வேலைநிறுத்தமும் கைகலப்புமே நினைவுக்கு வருகின்றன. இங்கிலாந்தின் சால்ஃபோர்டு தெருக்களை வரைந்த எல்.எஸ். லௌரியின் (1887–1976) பென்சில் ஓவியங்களில் இவை முதன்மை பெறுவதில்லை. எனினும் அத்தெருக்களில் அமைதியும் இல்லை. அவற்றில் உறைந்துள்ள சமூக இறுக்கத்தைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

வாடகை வசூலிப்பவரின் பார்வை

பொருள் நெருக்கடியால் 1909ஆம் ஆண்டு லௌரியின் குடும்பம் மான்செஸ்டரின் வசதியான புறநகரிலிருந்து பெண்டில்பரி என்னும் ஆலைப்பகுதிக்குக் குடிபெயர்ந்தது. 1910 முதல் 1952 வரை அவர் பால் மால் சொத்து நிறுவனத்தில் வாடகை வசூலிப்பவராகவும் எழுத்தராகவும் பணியாற்றினார். அப்பணியைப் பொதுவெளியில் மறைத்தே வைத்திருந்தார். வசூலுக்குச் செல்லும் வழியில் கிடைத்த தாளிலும் உறையின் பின்புறத்திலும் குறிப்போவியங்கள் தீட்டினார். ஆகவே அவர் வெறும் பார்வையாளர் அல்லர்; வீட்டு உரிமையாளருக்கும் குடியிருப்போருக்கும் இடையே நின்றவர்.

வெகுளியும் இளிவரலும்

உறுப்பறை, குடிகோள், அலை, கொலை ஆகிய நான்கும் வெகுளிக்கு நிலைக்களன் என்கிறார் தொல்காப்பியர். இளிவரலுக்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகியவற்றைச் சுட்டுகிறார். மென்மைக்கு நல்குரவு என உரைகள் பொருள் கொள்கின்றன.

லௌரியின் 'சண்டை' என்னும் எண்ணெய் வண்ண ஓவியத்தில் இருவர் மோதுகின்றனர். சுற்றி நிற்போர் பார்க்கின்றனர். அங்கே வெகுளி வெளிப்படை. பென்சில் ஓவியங்களிலோ முகம் சில புள்ளிகளாகச் சுருங்க, முன்குனிந்த முதுகே மெய்ப்பாட்டைத் தாங்குகிறது. நெருங்கி நடப்போரும் தனித்தனியராகவே தோன்றுகின்றனர். தேய்த்துப் பரப்பிய கருமை, புகையையும் சுவரையும் வேறுபாடின்றி ஒன்றாக்குகிறது. குடியை நலிவிக்கும் குடிகோள் வெகுளிக்குரிய காரணம். ஆனால் இங்கு உடலில் புலப்படுவது இளிவரல். சினத்துக்குக் காரணம் இருந்தும் அது வெளிப்பட வழியற்ற நிலையே இவ்வோவியங்கள் காட்டும் பூசலாகும்.

முடிவுரை

லௌரியின் உருவங்களைச் சிறுபிள்ளைத்தனமானவை என்றும், அவர் தெருக்களைக் கடந்தகால ஏக்கம் என்றும் கருதுவோர் உளர். இவ்விரு கருத்துகளும் அவர் நின்ற இடத்தைக் கணக்கில் கொள்ளவில்லை. மூடிய கதவுகளைத் தெருவிலிருந்து நோக்கும் கோணம் வசூலுக்கு வந்தவரின் கோணமுமாகும். உருவங்களின் முகத்தைச் சுருக்கியது அவர்தம் மானத்தைக் காப்பதற்கா, தம் கண்களைத் தாழ்த்திக்கொள்வதற்கா என்னும் வினா எழுகிறது. இரண்டாவதற்கே இடம் மிகுதி. அங்ஙனமாயின், இவ்வோவியங்களின் இளிவரல் வரையப்பட்டோர்க்கு மட்டும் உரியதன்று, வரைந்தவருக்கும் உரியது.