70 கிராம் வாட்ச்மேன்

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். நாவலுக்கு எழுதுகிறோம். புது ஹோட்டல் திறந்தால் சாம்பாருக்குக்கூட மார்க் போடுகிறோம். தலைமுறை தலைமுறையாக நம் அடுப்பில் உட்கார்ந்து விசிலடிக்கிற பிரஷர் குக்கருக்கு மட்டும் யாரும் விமர்சனம் எழுதக் காணோம். இந்த வாரம் எழுதிவிடலாம்.

ருசியைப் பற்றி அல்ல. வெடித்தால் உயிருக்கே உலை வைக்கிற ஒரு பாத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கவலையில்லாமல் வெங்காயம் நறுக்குகிறீர்களே... அந்த நம்பிக்கைக்கு அது லாயக்கானதுதானா? அதுதான் கேள்வி.

முதலில் கொஞ்சம் கணக்கு. நான் பி.காம். பௌதிகம் நம்ம ஏரியா இல்லை. ஆனால் பெருக்கல் வரும். குக்கர் முழு வேகத்தில் இருக்கும்போது உள்ளே இருக்கிற நீராவி, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் வெளிக்காற்றைவிடச் சுமார் 1 கிலோ அதிகமாக அழுத்துகிறது. மூடியின் விட்டம் 20 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு 314 சதுர செ.மீ. ஆக, மூடியை உள்ளிருந்து தள்ளுகிற மொத்த விசை 314 கிலோ! நாலு தடியான ஆட்கள் உள்ளே இருந்து முதுகு கொடுத்து முட்டுகிற மாதிரி.

அவர்களை அடக்குவது யார்? மூடிமேல் ஆடுகிறதே, அந்த வெயிட். அது உட்கார்ந்திருக்கும் துளை 3 மில்லிமீட்டர் விட்டம் என்றால், அந்தத் துண்டு இடத்தில் ஆவியின் பலம் வெறும் 70 கிராம்தான். எனவே 70 கிராம் வெயிட் போதும். ஒரு கோழிமுட்டையைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவே. அழுத்தம் எல்லை மீறினால் வெயிட் எழும்பி வழி விடுகிறது. குறைந்தால் உட்கார்ந்து கொள்கிறது. கரன்ட் வேண்டாம், பாட்டரி வேண்டாம். 314 கிலோவுக்கு 70 கிராம் வாட்ச்மேன்!

இந்த ஐடியாவுக்கு வயது 340-க்கு மேல். டெனி பாப்பான் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-ல் லண்டனில் ராயல் சொசைட்டி விஞ்ஞானிகளுக்கு ஒரு பாத்திரத்தைக் காட்டினார். எலும்பையே குழைய வேகவைக்கும் பாத்திரம். மூடியில் ஒரு சின்னத் துளை. அதை அழுத்திப் பிடிக்க ஒரு நெம்புகோலும் எடையும். பாத்திரம் உடையாமலிருக்க அதை இன்னும் தடியாகச் செய்வதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. 'உடையும் முன் திறந்துகொள்ள ஓர் இடம் வை' என்று யோசித்தார். அந்த ஒரு யோசனையில்தான் இன்றுவரை பாய்லர்களும் ரசாயனத் தொட்டிகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

உடனே 'மனித மனசுக்கும் ஒரு சேஃப்டி வால்வு வேண்டும்' என்று தத்துவத்தில் இறங்கப் போகிறேன் என்று பயப்படாதீர்கள். அடுப்பங்கரையை விட்டு நகர்வதாக இல்லை. பரீட்சை வைக்கலாம். மூன்றே கேள்விகள்.

கேள்வி ஒன்று: பாத்திரம் உடைவதற்கு முன்பே வழி திறக்கிறதா?

திறக்கிறது. வெயிட்டின் துளையைப் பருப்புத் தோல் அடைத்துவிட்டால், அடுத்து சேஃப்டி ப்ளக் இருக்கிறது. தண்ணீர் வற்றிச் சூடு ஏறினால் அதிலிருக்கும் உலோகம் உருகி ஓட்டையாகிவிடும். அதுவும் கைவிட்டால், வெளிமூடி குக்கர்களில் மூடியின் விளிம்பில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டியிருப்பார்கள். அழுத்தம் அத்துமீறினால் ரப்பர் கேஸ்கட் அந்த ஜன்னல் வழியாகப் பிதுங்கி, ஆவியை வெளியே விட்டுவிடும். தோற்பதற்கென்றே சம்பளம் கொடுத்து வைத்த பாகங்கள் இவை. இவை தோற்றால்தான் நாம் பிழைப்போம். முழு மார்க்.

கேள்வி இரண்டு: அந்த வழியை யாராவது அடைக்க முடியுமா?

இங்கேதான் இடிக்கிறது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் 'பெஸ்ட் ஃப்ரெண்ட் ஆஃப் சார்ல்ஸ்டன்' என்று ஒரு நீராவி ரயில் எஞ்சின் ஓடியது. 1831 ஜூன் மாதம் அதன் பாய்லர் வெடித்து, அதன் அடுப்பைக் கவனிக்கிற ஊழியர் இறந்துபோனார். சேஃப்டி வால்வு போட்ட இரைச்சல் தாங்காமல் அவரே அதை அழுத்தி அடைத்துவிட்டார் என்பது வரலாறு சொல்லும் காரணம். சத்தம் தொந்தரவாக இருக்கிறதே என்று காவலாளியின் வாயைப் பொத்திய கதை!

நாம் மட்டும் என்னவாம்? வெயிட் தொலைந்துபோனால், வேறு கம்பெனி வெயிட்டை மாட்டிவிட்டு 'கரெக்டா உட்காருதே!' என்று சந்தோஷப்படுகிறோம். உட்காரும். ஆனால் 70 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 100 கிராம் இருந்தால், அழுத்தமும் 40 சதவிகிதத்துக்கு மேல் ஏறிவிடும். சேஃப்டி ப்ளக்கிலும் போலிகள் வந்தன. வீடுகளில் குக்கர்கள் வெடித்ததற்கு அந்தப் போலி ப்ளக்குகளே காரணம் என்று கண்டுபிடித்ததாகவும், அதற்கு விடையாகத்தான் விளிம்பு ஜன்னலைக் கொண்டுவந்ததாகவும் டி.டி.கே. பிரெஸ்டீஜின் டி.டி.ஜெகந்நாதன் சொல்லியிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ப்ளக்குக்கு டூப்ளிகேட் போடலாம். ஓட்டைக்கு எப்படிப் போடுவது!

ஆனாலும் அந்த ஜன்னல் நம்பியிருப்பது ரப்பரை. ரப்பர் வயதாகி இறுகிப்போனால், சரியான நேரத்தில் பிதுங்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? தரத்துக்குக் காவல் இருக்கிறது என்கிறீர்களா? 2021 பிப்ரவரி முதல் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அதற்குப் பிறகும் தரவிதிக்கு ஒத்துவராத 2,265 குக்கர்கள் அமேசான் தளம் வழியே விற்பனையாகியிருந்தன. அவற்றைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 2022-ல் 1 லட்ச ரூபாய் அபராதமும் விதித்தது. அமேசான் கோர்ட்டுக்குப் போனது. பி.காம் புத்தி சும்மா இருக்குமா? அபராதத்தை மட்டும் வகுத்துப் பார்த்தேன். ஒரு குக்கருக்கு 44 ரூபாய் சொச்சம். இரண்டாம் கேள்விக்குப் பாதி மார்க்.

கேள்வி மூன்று: வெளியே வருவது எங்கே போகிறது?

யாரும் கேட்காத கேள்வி இது. கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு போபால் சாட்சி. 1984 டிசம்பர் 2-ம் தேதி இரவு, யூனியன் கார்பைடு ஆலையின் 610-ம் எண் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்து, மெத்தில் ஐசோசயனேட் கொதித்துப் பொங்கியது. அழுத்தம் ஏறியது. சேஃப்டி வால்வு திறந்தது. தொட்டி வெடிக்கவில்லை! பாப்பான் சொன்னபடி எல்லாம் நடந்தது. ஆனால், வெளியே வரும் வாயுவைக் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டிய கருவி, அவ்வளவு வாயுவுக்காக வடிவமைக்கப்பட்டதே அல்ல. அதை எரித்துவிட வேண்டிய கோபுரத்துக்குப் போகும் குழாயோ, பராமரிப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. சுமார் 40 டன் விஷம், தூங்கிக்கொண்டிருந்த ஊருக்குள் இறங்கியது. ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள்.

தொட்டி பிழைத்தது. ஊர் பிழைக்கவில்லை. வழி திறப்பது பாதி வேலைதான். வெளியே வருவதை யார்மேலும் படாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது மீதிப் பாதி.

அந்த அளவுகோலை அடுப்பங்கரைக்குக் கொண்டு வாருங்கள். ஜன்னல் வழியே சீறி வருவது 100 டிகிரிக்கும் மேல் கொதிக்கிற சாம்பார். அது சுவர் பக்கம் போகுமா, சமைப்பவர் முகத்துக்கு வருமா? சில குக்கர்களில் ப்ளக்கை மூடியின் கைப்பிடிக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். சீறினாலும் கைப்பிடியில் மோதித் திரும்பும். யோசித்தவருக்கு ஒரு சபாஷ்! மற்றபடி, விளம்பரத்தில் 'பாதுகாப்பு, பாதுகாப்பு' என்று முழங்குகிற கம்பெனிகளில் எத்தனை, 'இந்தப் பக்கம் நிற்காதீர்கள்' என்று மூடியிலேயே ஓர் அம்புக்குறி போட்டிருக்கின்றன? ஓர் அம்புக்குறிக்கு என்ன செலவு ஆகிவிடும்? இந்தக் கேள்விக்கு ஜஸ்ட் பாஸ்.

மொத்தத்தில் குக்கர் நல்ல படைப்புதான். ஆனால் அதன் கடைசிப் பாகம் நாம் நிற்கிற இடம். அதை எந்தக் கம்பெனியும் டிசைன் செய்து தரவில்லை.

இன்றைக்கு ஒரு காரியம் செய்யுங்கள். குக்கர் ஆறிக் கிடக்கும்போது மூடியைக் கையில் எடுத்து, விளிம்பில் அந்த ஜன்னல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நாளைக்குச் சோறு வைக்கும்போது அது சுவரைப் பார்க்கட்டும். உங்கள் வீட்டில் சமைப்பது வேறொருவர் என்றால், இதை அவரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்.