கேட்பவரின் நாற்காலி

ஒரு அறை, ஒரு சோபா, ஒரு நாற்காலி, இரண்டு பேர். அரை மணி நேரம் பேச்சு, பெரும்பாலும் வேறொன்றும் கிடையாது. இதை மட்டும் வைத்துக்கொண்டு 2008இல் எச்பிஓ ஒரு தொடரை வாரத்துக்கு ஐந்து நாள் ஒளிபரப்பியது. பெயர் ‘இன் ட்ரீட்மென்ட்’. 2005இல் இஸ்ரேலில் ஹாகாய் லெவி உருவாக்கிய ‘பெதிபுல்’ என்ற ஹீப்ரு தொடரின் அமெரிக்கத் தழுவல் இது. முதல் சீசனில் 43 எபிசோடுகள். திங்கள் முதல் வியாழன் வரை தெரபிஸ்ட் பால் வெஸ்டனிடம் (கேப்ரியல் பைர்ன்) நோயாளிகள் வருவார்கள். வெள்ளிக்கிழமை அவரே தன் பழைய வழிகாட்டி ஜினாவின் (டயான் வீஸ்ட்) வீட்டுக்குப் போய் நோயாளியின் இடத்தில் உட்கார்வார்.

இந்த வெள்ளிக்கிழமைகளைப் பற்றி எழுதியவர்கள் பலரும் ‘தெரபிஸ்டும் மனுஷன்தானே’ என்ற இடத்தில் நின்றுவிடுகிறார்கள். அது உண்மைதான், ஆனால் ரொம்பச் சின்ன உண்மை. ஃபிராய்டுக்கே அது தெரியும். 1937இல் எழுதிய ஒரு கட்டுரையில் கல்வி, ஆட்சி இவற்றோடு உளப்பகுப்பாய்வையும் சேர்த்து ‘முடியாத தொழில்கள்’ என்றார். சிகிச்சை தருபவர் ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது தானும் சிகிச்சைக்குத் திரும்ப வேண்டும் என்றும் அதில் சொன்னார். அப்படிப் போவது தோல்வியின் அடையாளம் இல்லை. கத்தியைச் சாணை பிடிக்கிற மாதிரி, தொழிலுக்குத் தேவையான பராமரிப்பு.

தொடர் அதற்கு மேலும் ஒன்றைச் சொல்கிறது. தெரபிஸ்டின் தனிமை இந்தத் தொழிலால் வருகிற பக்கவிளைவு மட்டும் இல்லை, அவர் தொழில் செய்வதே அதை வைத்துத்தான். நாள் முழுக்க கேட்டதை வீட்டில் சொல்ல முடியாது. தன் கதையை நோயாளியிடமும் சொல்லக் கூடாது. எதிரில் இருப்பவர் தன்னைப் பற்றி எதையும் அறியாமல் இருப்பதால்தான் அவர் மேல் எதை வேண்டுமானாலும் ஏற்றிவைத்துப் பேசுகிறார்: அப்பா, காதலன், எதிரி, கடவுள். அந்த வெற்றிடத்தைக் காலியாகவே வைத்திருப்பதற்குத்தான் தெரபிஸ்டுக்குச் சம்பளம். வெஸ்டனின் மனைவி கேட்டுக்கு வேறொரு உறவு இருக்கிறது. ஊரார் மௌனத்தையெல்லாம் வாசிக்கிற மனுஷனுக்கு அடுத்த அறையில் இருப்பவளின் மௌனம் புரியவில்லை. இதை வெறும் முரண்நகையாகப் பார்த்துச் சிரித்துவிடலாம். எனக்கு அது உழைப்பின் கணக்காகப் படுகிறது: அவருடைய கவனம் பகலிலேயே விற்றுத் தீர்ந்துவிடுகிறது.

முதல் சீசனில் வரும் அலெக்ஸ் கடற்படை விமானி. இராக்கில் அவர் போட்ட குண்டு ஒரு மதரஸாவில் விழுந்து சிறுவர்கள் இறக்கிறார்கள். சிகிச்சைக்கு வந்தவர் நடுவிலேயே பணிக்குத் திரும்பி, பயிற்சியில் விமானம் விழுந்து இறந்துபோகிறார். விபத்தா, தற்கொலையா? இரண்டாம் சீசனில் அவருடைய அப்பா வெஸ்டன் மீது வழக்குப் போடுகிறார். எங்கள் சாஃப்ட்வேர் தொழிலில் சர்வர் விழுந்தால் மறுநாள் நடக்கும் கூட்டத்துக்குப் பெயர் ‘போஸ்ட்மார்ட்டம்’. எந்த நொடியில் எது உடைந்தது என்று லாக் பார்த்துச் சொல்லிவிடுவோம். யாரும் சாகாத வேலையில் இப்படியொரு பெயர். வெஸ்டனிடம் ஒரு சாவு இருக்கிறது, லாக் இல்லை. அன்றைக்கு வேறு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அலெக்ஸ் பிழைத்திருப்பாரா என்பதை எந்த நீதிமன்றமும் அவருக்குச் சொல்லப்போவதில்லை. தெரியாத அந்தப் பதிலோடு மறுநாள் காலை அடுத்த நோயாளிக்குக் கதவைத் திறக்க வேண்டும்.

தொடர் மேல் எனக்கு ஒரு புகாரும் உண்டு. கதை நகரவேண்டுமானால் வெஸ்டன் எல்லை மீற வேண்டியிருக்கிறது. தன்னைக் காதலிக்கும் நோயாளி லாராவைத் தானும் விரும்பி, கடைசியில் அவள் வீட்டுக்கே போகிறார். இரண்டாம் சீசனில் புற்றுநோயை எல்லோரிடமும் மறைக்கும் மாணவி ஏப்ரலை அவரே கீமோவுக்குக் கூட்டிப்போகிறார். பார்க்கும் நமக்கு அது மனிதாபிமானமாகத் தெரிகிறது, கைதட்டத் தோன்றுகிறது. ஆனால் நிஜத்தில் நல்ல தெரபிஸ்டின் நாள் என்பது சொல்ல நினைத்ததைச் சொல்லாமல் விட்டது, நீட்ட நினைத்த கையை மடியிலேயே வைத்துக்கொண்டது. அந்த அடக்கத்தைக் காட்டத் தொடருக்குத் தெரிவதில்லை. மீறலைத்தான் அது அன்பு என்று காட்டுகிறது.

இந்தக் குறையைத் தொடரே நேர்செய்வது மூன்றாம் சீசனில், 2010இல். ஹீப்ரு மூலம் இரண்டு சீசன்களோடு முடிந்துவிட்டதால் இது புதிதாக எழுதப்பட்டது. இர்ஃபான் கான் நடித்த சுனில் இதில் வருகிறார். கொல்கத்தாக்காரர். மனைவி கமலா இறந்தபின் புரூக்ளினில் மகன் வீட்டில் ஒண்டியிருக்கிறார். அமெரிக்க மருமகள் ஜூலியாவின் சிரிப்பு, உடை, அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என எல்லாமே அவருக்கு உறுத்துகிறது. வெஸ்டனும் அயர்லாந்திலிருந்து வந்தவர். இப்போது விவாகரத்தாகி அதே புரூக்ளினில் தனியாக இருக்கிறார். தேநீர், சிகரெட், ஊர்ப்பேச்சு. கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஒரு மணி நேரம் வெஸ்டனுக்கும் தேவைப்பட ஆரம்பிக்கிறது. இந்த முறை பெரிய மீறல் எதுவும் இல்லை. எதிரில் இருப்பவர் நண்பராக இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஒரு ஆசை, அவ்வளவுதான்.

சுனிலின் பேச்சில் ஜூலியா மேல் வன்முறை எட்டிப்பார்க்கிறது. வெஸ்டன் ரகசியத்தை உடைத்து ஜூலியாவை எச்சரிக்கிறார். இதற்குப் பின்னால் ஒரு நிஜ வரலாறு உண்டு. 1969இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் படித்த வங்காள மாணவர் ஒருவர், தான் விரும்பிய பெண்ணைக் கொல்லப்போவதாகத் தன் உளவியலாளரிடம் சொன்னார். உளவியலாளர் வளாகப் போலீசுக்குத் தகவல் கொடுத்தார். போலீஸ் விசாரித்து விட்டுவிட்டது. அந்தப் பெண்ணிடம் யாரும் சொல்லவில்லை. அக்டோபரில் அவள் கொல்லப்பட்டாள். அவளுடைய பெற்றோர் தொடுத்ததுதான் டாரசாஃப் வழக்கு. ஆபத்தில் இருக்கும் மூன்றாம் நபரைக் காக்கும் கடமை தெரபிஸ்டுக்கு உண்டு என்று 1976இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் தண்டனை ரத்தான அந்த மாணவர், இந்தியாவுக்குத் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையில் விடுவிக்கப்பட்டார்.

சுனிலுக்கும் கிடைப்பது அதேதான்: இந்தியா. குடியேற்றத் துறையின் காவலில் இருக்கும் அவரைப் பார்க்க வெஸ்டன் போகிறார். நாடு கடத்தப்படுவதற்காகத்தான் வெஸ்டனின் பயத்தைத் தூண்டிவிட்டேன் என்று சுனில் ஒப்புக்கொள்கிறார். எழுத்தாளர்களின் கெட்டிக்காரத்தனம் கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கும் திருப்பம் இது. இர்ஃபானின் முகம்தான் அதைக் காப்பாற்றுகிறது. ஜெயித்த கர்வம் அதில் இல்லை. ஒரு நண்பனைச் செலவழித்து ஊருக்கு டிக்கெட் வாங்கியவனின் கூச்சம்தான் இருக்கிறது.

வெஸ்டன் செய்ததில் என்ன தப்பு? தொழில் சொன்னதைச் செய்தார். சுனில் பயன்படுத்திக்கொண்டது அவருடைய மீறலை இல்லை, கடமையுணர்ச்சியை. அதோடு, கவனிக்கப்பட வேண்டும் என்று வெஸ்டனுக்குள் இருந்த பசியையும். மனதை இறுக்கிக்கொண்டால் இப்படி ஏமாறாமல் இருக்கலாம், ஆனால் அப்புறம் அங்கே யாரும் வந்து பேசமாட்டார்கள். காலியாக இருக்க வேண்டிய இடத்தில் தன் ஆசை எப்போது வந்து உட்கார்ந்தது என்று தனக்குத் தானே கண்டுபிடிக்க முடியாது. அதற்குத்தான் ஜினா மாதிரி ஒருவர், ஒரு வெள்ளிக்கிழமை. மூன்றாம் சீசனில் ஜினா இல்லை. தூக்க மாத்திரைச் சீட்டுக்காக அடேல் என்ற தெரபிஸ்டைத் தேடிப்போகும் வெஸ்டன், அங்கேயும் மெல்ல மெல்லக் காதலைத் தேட ஆரம்பிக்கிறார்.

சுனில் சொன்னதில் எது நடிப்பு என்று பிரித்துப் பார்க்க உட்கார்ந்தால் அதிகம் தேறாது. கமலாவுக்காக இருந்த துக்கம் நிஜம், மகன் வீட்டில் பட்ட அவமானம் நிஜம், ஊர் ஏக்கம் நிஜம். மிரட்டலில் மட்டும்தான் கொஞ்சம் கலப்படம். அடுத்து வருகிறவர் பேச்சிலும் கலப்படம் இருக்கலாம். இருந்தாலும் நாற்காலியில் இருப்பவர் முதலில் நம்பித்தான் ஆகவேண்டும்.