பாதி மூளைக் கவிதையும் பாதி மூளை விமர்சனமும்

கவிஞன் வலது மூளைக்காரன், விமர்சகன் இடது மூளைக்காரன் என்றொரு பேச்சு நெடுநாளாக அடிபடுகிறது. ரோஜர் ஸ்பெர்ரிக்கு 1981ல் நோபல் பரிசு கிடைத்ததையொட்டி இது ஊரெல்லாம் பரவிற்று. கவிஞர்களுக்கு இதில் ஒரு சௌகரியம். இந்த வரி ஏன் இங்கே நிற்கிறது என்று கேட்டால், அது தர்க்க மூளைக்குப் பிடிபடாது என்று சொல்லிவிடலாம். விமர்சகனுக்கும் சௌகரியம்தான். படிமத்தின் முன் தான் மரத்துப் போய் நிற்பதை அறிவின் கறார் என்று சொல்லிக்கொள்ளலாம். இரு தரப்பாரும் தங்கள் குறைக்கு விஞ்ஞானத்திடம் சான்றிதழ் வாங்கி மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

விஞ்ஞானம் இந்தச் சான்றிதழைத் தரவில்லை. பால் புரோக்கா 1860களில் கண்டது போல, பேச்சு பெரும்பாலோருக்கு இடது பாதியையே சார்ந்தது; அது உண்மை. ஆனால் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார் 2013ல் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் மூளைப் படங்களை ஆராய்ந்தபோது, இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர் என்று ஆட்களைப் பிரிக்க ஆதாரம் கிடைக்கவில்லை. வேலைப் பிரிவினை உண்டு. ஆள் பிரிவினை இல்லை.

பிரிந்தால் என்ன ஆகும் என்பதை நோயாளிகளிடம் பார்க்கலாம். எல்லன் வின்னரும் ஹோவர்ட் கார்ட்னரும் 1977ல் வெளியிட்ட ஆய்வில், மனம் கனத்தது என்பது போன்ற உருவகத்தைச் சொல்லிப் பொருத்தமான படத்தைக் காட்டச் சொன்னார்கள். இடது பாதி பழுதுபட்டவர்கள் சரியான படத்தைக் காட்டினார்கள். விளக்க வார்த்தை வரவில்லை. வலது பாதி பழுதுபட்டவர்கள் பலமுறை, பெரிய இதயமொன்றைச் சுமந்து தள்ளாடுகிறவனின் படத்தைக் காட்டினார்கள். அதில் வேடிக்கை இருப்பதாகவும் அவர்களுக்குப் படவில்லை. ஆனால் வாயால் விளக்கச் சொன்னபோது அவர்களில் பலர் சரியாகவே விளக்கினார்கள்!

இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உருவகத்தைக் காணாமலே அதற்கு உரை சொல்ல முடிகிறது. நாம் எழுதும் விமர்சனத்தில் எவ்வளவு இந்த வகை?

இதைவிடவும் மோசம் உண்டு. இரு பாதிகளுக்கும் இடையிலான இணைப்பு அறுக்கப்பட்ட ஓர் இளைஞனை மைக்கேல் கஸ்ஸானிகாவும் ஜோசப் லெடூவும் சோதித்து 1978ல் எழுதினார்கள். வலது பாதிக்கு மட்டும் பனி மூடிய வீட்டைக் காட்டினார்கள். இடது பாதிக்குக் கோழிக்கால். பொருத்தமான படங்களாக இடது கை மண்வாரியையும் வலது கை கோழியையும் தொட்டன. மண்வாரி ஏன் என்று கேட்டால், பனியைப் பார்த்திராத இடது பாதி தயங்கவே இல்லை: கோழிக்கொட்டகையைச் சுத்தம் செய்ய அது வேண்டுமே என்றது. பொய் சொல்கிறோம் என்ற பிரக்ஞைகூட அதற்கில்லை.

இந்த வேலைப் பிரிவினை மனித மேதைமைக்கென்று ஏற்பட்டதும் அல்ல. முட்டைக்குள் கோழிக்குஞ்சின் வலது கண் ஓட்டை ஒட்டி இருக்கிறது. இடது கண் உடம்போடு மறைந்து கிடக்கிறது. ஒளி படுவது வலது கண்ணில். பொரிந்தபின் குஞ்சு வலது கண்ணால் கூழாங்கல்லிடையே தானியம் பொறுக்குகிறது. இடது கண்ணால் மேலே பருந்தைக் கவனிக்கிறது. லெஸ்லி ராஜர்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் 2004ல் காட்டியது போல, ஒளி படாத முட்டையில் பொரிந்த குஞ்சுகள் இரண்டையும் ஒருசேரச் செய்ய முடியாமல் தடுமாறின. பிரிவினையின் நோக்கமே ஒருசேரச் செய்வதுதான்.

கவிஞனை மட்டும் தப்பவிடுவதற்கில்லை. ஸ்வீடிஷ் கவிஞர் தோமஸ் ட்ரான்ஸ்ட்ரோமர் 1990ல் பக்கவாதத்தில் வலது கையையும் பேச்சின் பெரும்பகுதியையும் இழந்தார். இடது கையால் பியானோ வாசித்தார். வலது மூளைக் கொள்கை மெய்யென்றால், தடை நீங்கிய கவிதை பெருக்கெடுத்திருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை. 2004ல் வந்த தொகுப்பில் பெரும்பாலும் ஹைக்கூக்கள். ஏற்கனவே குறைவாக எழுதியவர் இன்னும் சுருங்கினார். ஒவ்வொரு சொல்லும் பழுதுபட்ட பாதியிடமிருந்து மீட்டெடுத்தது. அவர் எந்தப் பாதியையும் விட்டுக்கொடுக்கவில்லை.

இரு பாதியும் முழுதாக வாய்த்த நாம்தான் ஒன்றை வீசியெறிந்துவிட்டுப் பெருமை பேசிக்கொண்டிருக்கிறோம்.